கண் கண்டதும் தகடு கண்டதும்

புல்லின் நுனியிலே காலைப்பனி ஒரு துளியாய்த் திரண்டு நிற்கின்றது. தினையளவுகூட இல்லாத அத்துளிக்குள்ளே, சற்றுத் தொலைவில் நிற்கும் நெடும்பனை அடியும் முடியுமாக அடங்கித் தோன்றுகின்றது. குறள் வெண்பாவின் குறுகிய அடிகளுக்குள்ளே பெரும்பொருள் அடங்கிய வியப்பை உணர்த்த வந்த புலவர், இக்காட்சியையே உவமையாக எடுத்தாண்டார். திருவள்ளுவமாலையிலே கபிலர் பெயரால் வழங்கும் அப்பாடலைத் தமிழ் மாணவர் பலரும் அறிவர். அப்பாடல் ஒரு செய்தியை இன்றும் நமக்குத் தெளிவாக்குகின்றது. சிறிய பொருளை அணுகிக் குனிந்து பார்த்தல் நேற்றுத் தோன்றிய பழக்கமன்று. கமராவும் வில்லையும் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே மனிதன் துளியைக் கூர்ந்து நோக்கினான்.

இன்று உலகெங்கும் பல்லாயிரவர் அவ்வாறு குனிந்து நிற்கின்றனர். விடியற்காலையில் தோட்டத்து மூலையிலே, முழந்தாள் ஈரமாக, மூச்சையும் அடக்கிக்கொண்டு, தும்பியின் கண்ணையோ, பூவின் மகரந்தக் கேசரத்தையோ, சிலந்தி வலையிற் கோத்த பனிமணியையோ படம்பிடிக்கின்றனர். அண்மைப் படப்பிடிப்பு என வழங்கும் இக்கலை பெரும்பாலார்க்கு ஓர் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு மாத்திரமே. எனினும் இப்பொழுதுபோக்கின் வரலாற்றை ஆராய்ந்து பார்ப்போர், அதனுள்ளே ஓர் உண்மைப் போராட்டம் மறைந்திருத்தலைக் காண்பர். மனிதன் தன் கண்முன்னே உள்ளதைக் காண்கின்றானா, அன்றித் தான் காண விரும்பியதைக் காண்கின்றானா? இந்த வினாவை ஒரு துளி பால் எழுப்பியது. ஒரு பனிப்பளிங்கு அதனைத் தொடர்ந்தது. ஒரு செடியின் தளிரும் ஓர் ஈயின் காலும் அதற்குச் சாட்சி கூறின.

கமரா தோன்றுமுன்னர்ச் சிறியவற்றின் உருவத்தை உலகுக்குக் காட்டியவர் ஓவியம் வரையத் தெரிந்த அறிஞர்களே. அவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்திலே வாழ்ந்த றொபேட் ஹூக். அவர் 1665ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மைக்குறோகிறாபியா' என்னும் நூலிலே தெள்ளுப்பூச்சி ஒன்றின் உருவம், நூலின் ஏட்டினும் பெரிதாய் மடித்து வைத்த தாளிலே காட்சியளித்தது. ஆனால் அந்நூலின் முன்னுரையிலேயே ஹூக் ஓர் எச்சரிக்கையும் செய்தார். நுணுக்குக்காட்டியின்கீழ் ஈயின் கண் ஒருவகை ஒளியிலே துளைகள் நிறைந்த பலகணிபோலத் தோன்றும். வெயிலிலே பொன்னாணிகள் பதித்த பரப்பாய்த் தோன்றும். வேறோர் ஒளியில் வேறோர் உருவாய் மயக்கும். ஆகவே பல ஒளியிலும் பல நிலையிலும் பார்த்து, உண்மை உருவம் இதுவெனத் துணிந்த பின்னரே தாம் வரையத் தொடங்கியதாக அவர் கூறினார். கண் பலவற்றைக் காண, அறிவு அவற்றினின்றும் ஒன்றைத் தெரிந்தெடுக்கின்றது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை அண்மிக்கையில் நிழற்படக்கலை பிறந்தது. அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவரான வில்லியம் ஹென்றி பொக்ஸ் ரல்பொற், தமது தொடக்க முயற்சிகளிலேயே பூச்சிகளின் சிறகுகளைச் சூரிய நுணுக்குக்காட்டியாற் பெருக்கிப் படமாக்கினார். மனிதன் கைபடாமல் ஒளி தானே வரையும் படமாதலின், இனி ஐயத்துக்கு இடமில்லை என அக்காலத்தார் கருதினர். ஓவியன் மிகைப்படுத்தலாம், ஒளி மிகைப்படுத்தாது. ஓவியன் விட்டுவிடலாம், தகடு விட்டுவிடாது. இந்த நம்பிக்கை எவ்வளவு சரியானது, எவ்வளவு பிழையானது என்பதைச் சோதித்துக் காட்டும் வாய்ப்பு ஆதர் மேசன் வேர்திங்ரன் என்னும் ஆங்கிலேயருக்குக் கிட்டியது.

வேர்திங்ரன் 1852ஆம் ஆண்டிற் பிறந்தவர். பௌதிக ஆசிரியராகத் தொழில் பார்த்தவர். றக்பிக் கலாசாலையின் மாணவனொருவன், புகை படிந்த கண்ணாடியின்மீது மைத்துளிகள் தற்செயலாய் விழுந்து பதித்த அடையாளங்களைக் கவனித்திருந்தான். நடுவிலிருந்து கதிர்போற் பரந்து கிடந்த அக்கோலம் எவ்வாறு உண்டாயிற்று என்ற கேள்வி, வேர்திங்ரனை 1875ஆம் ஆண்டளவிலே பற்றிக்கொண்டது. அதன்பின் அவர் ஏறத்தாழ வாழ்நாள் முழுவதும் அதனை விடவில்லை. வீட்டுக் கூரையிலிருந்து மழைத்துளி வாளியில் விழுவதைக் காணாதவர் எவருமிலர். ஆயினும் விழுந்த அந்தக் கணத்திலே நீரின் உருவம் யாதென அதுவரை எவரும் அறிந்திலர். அக்காட்சி இமைப்பொழுதிலே தோன்றி, இமைப்பொழுதிலே மறைந்துவிடுகின்றது.

வேர்திங்ரன் கண்ட வழி எளிமையானது. ஆனால் எல்லையில்லாப் பொறுமையை வேண்டியது. இருண்ட அறையிலே ஒரு துளியும் ஒரு சிறு குண்டும் மின்காந்தத்தின் உதவியால் ஒரே கணத்தில் விடுவிக்கப்பட்டன. துளி கீழே உள்ள பாத்திரத்தை நோக்கி விழ, குண்டு தன் வழியே விழுந்து ஒரு மின்பொறியைப் பிறப்பித்தது. கண்மூடித் திறப்பதற்கும் மிகக் குறைந்த அந்த ஒளியிலே, துளி விழுந்த உருவத்தின் ஒரேயொரு நிலை கண்ணுக்குப் புலனாயிற்று. குண்டு விழும் உயரத்தைச் சற்றே மாற்றினால், அடுத்த துளியின் சற்றே பிந்திய நிலையைக் காணலாம். இவ்வாறு துளிக்குப்பின் துளியாக விழச்செய்து, இருளிலே கண்ணைக் கூர்மையாக்கி, கண்ணில் நின்ற உருவத்தை உடனுக்குடன் பென்சிலால் வரைந்தார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் இத்தொழில் நடந்தது.

அவ்வோவியங்கள் அழகின் உறைவிடங்களாய் விளங்கின. துளி விழுந்ததும் நீர்ப்பரப்புக் குழிந்து கிண்ணமாகின்றது. கிண்ணத்தின் சுவர் மெல்லியதாய் எழுகின்றது. அதன் விளிம்பிலிருந்து சிறு கைகள் போன்ற கதிர்கள் புறப்பட்டு, நுனிதோறும் ஒரு மணியைத் தாங்குகின்றன. அரசர் தலையில் வைக்கும் மகுடம் ஒன்று பாலினாலே செய்ததுபோல நிற்கின்றது. பின்னர் மகுடம் தாழ்ந்து மறைய, நடுவிலிருந்து ஒரு தூண் எழுகின்றது. அத்தூணின் உச்சியிலே, முதலில் விழுந்த துளியின் பாலே மீண்டும் தோன்றுகின்றது. இவை அனைத்தையும் வேர்திங்ரன் வரைந்த படங்களில், கதிர்கள் யாவும் ஒரே அளவினவாய், ஒரே இடைவெளியினவாய், வட்டத்தைச் சுற்றிக் கணித முறைப்படி அமைந்திருந்தன. இயற்கையின் ஒழுங்கு இதுவெனக் கண்டோர் மகிழ்ந்தனர்.

1894ஆம் ஆண்டளவிலே, அவர் விரைவுணர்வு மிக்க நிழற்படத் தகடுகளைத் துணைக்கொண்டார். ஒரு செக்கனின் பத்துலட்சக் கூறுகளிற் சிலவே நிலைக்கும் மின்பொறியின் ஒளியிலே, துளியின் மகுடம் முதன்முதலாகத் தகட்டிலே பதிந்தது. தகட்டைக் கழுவி எடுத்துப் பார்த்தபோது கண்ட உருவம் அவர் எதிர்பார்த்ததன்று. மகுடம் இருந்தது, கதிர்கள் இருந்தன, மணிகளும் இருந்தன. ஆனால் ஒரு கதிர் நீண்டும் ஒன்று குறுகியும், சில நெருங்கியும் சில விலகியும், ஒரு புறம் உயர்ந்தும் மறுபுறம் சரிந்தும் காணப்பட்டன. மறுபடியும் படம் பிடித்தார், அப்பொழுதும் அவ்வாறே. எத்தனை தகடுகளை எடுத்தபோதிலும், ஓவியத்திலிருந்த நிறைவான மகுடம் ஒன்றுகூட அகப்படவில்லை.

அந்நிலையில் வேறொருவராயின் தகடுகளிற் குற்றம் கண்டிருக்கலாம். அல்லது மிகச் சிறந்த சிலவற்றை மாத்திரம் தெரிந்து வெளியிட்டுத் தம் ஓவியங்களின் பெருமையைக் காத்திருக்கலாம். வேர்திங்ரன் அவ்வாறு செய்யவில்லை. அவர் தமது பழைய குறிப்பேடுகளைத் திறந்து பார்த்தார். அங்கே ஒழுங்கற்ற உருவங்களும் பல இருந்தன! அவற்றை அவரே தம் கையால் முன்னர் வரைந்திருந்தார். ஆனால் துளியின் வரலாற்றை நிரல்படத் தொகுத்தபோது அவற்றைத் தள்ளிவிட்டார். ஒழுங்கின்மை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வகையாய் இருந்தமையால், அது தற்செயலான குறை என்றும், ஒழுங்கே உண்மை இயல்பு என்றும் அவர் மனம் முடிவுகட்டியிருந்தது. பார்ப்பவன் மனத்திலே நிறைவான துளியொன்று ஏற்கெனவே குடிகொண்டிருக்கின்றது; கண் காண்பதை அம்மனத்துளி திருத்திவிடுகின்றது. இவ்வாறு அவர் தமது பிழையைத் தாமே ஒப்புக்கொண்டு எழுதினார். 1908ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட துளி ஆராய்ச்சி நூலிலே நிழற்படங்களே நிறைந்திருந்தன.

ஒழுங்கின்மைக்கும் ஒரு காரணம் உண்டு. மகுடத்தின் விளிம்பு வளைந்த நீர் உருளை போன்றது. மெல்லிய நீர் உருளை எதுவும் அவ்வடிவத்தில் நிலைத்து நிற்பதில்லை. பரப்பிழுவிசையினால் ஆங்காங்கே திரண்டு மணிகளாய்ப் பிரிந்துவிடும். குழாய்வாயிலிருந்து மெல்லெனச் சொரியும் நீர்த்தாரை கீழே செல்லச் செல்லத் துளிகளாய் உடைவதும் இதனாலேயே. விளிம்பிலே முதலிற் சிறு நடுக்கம் எங்கே தோன்றுகின்றதோ, அங்கே கதிர் வளரும். அந்நடுக்கம் ஒவ்வொரு துளியிலும் வேறுபடும். ஆகவே குறையென்று ஒதுக்கப்பட்ட ஒழுங்கின்மையிலேதான் இயற்கையின் விதி செயற்பட்டுக் கொண்டிருந்தது. அழகை மாத்திரம் தேடிய கண் அதனைத் தவறவிட்டது. விருப்பு வெறுப்பற்ற தகடு அதனைப் பிடித்துக்கொண்டது.

ஏறத்தாழ இதே காலத்தில், அத்திலாந்திக் சமுத்திரத்தின் அப்பாலே வேறொரு மனிதர் தனியே உழைத்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவின் வெர்மொன்ற் மாநிலத்து ஜெரிக்கோ என்னும் சிற்றூரிலே, 1865ஆம் ஆண்டு கமக்காரக் குடும்பத்திற் பிறந்த வில்சன் பென்ற்லி என்பவரே அவர். பள்ளிப்படிப்பிற் பெரும்பகுதியைத் தாயிடமே பெற்ற அவருக்கு, அத்தாய் கொடுத்த நுணுக்குக்காட்டியே முதற் செல்வமாயிற்று. பனிமழை பெய்யும்போது விழும் பனிப்பளிங்குகளை அதன்கீழ் வைத்துப் பார்த்தார். பார்த்தவற்றை வரைய முயன்றார்; ஆனால் வரைந்து முடிக்குமுன்னே பளிங்கு உருகிப்போயிற்று. ஓர் அழகிய உருவம் தன் கண்முன்னே அழிந்து, மறுபடி ஒருபோதும் தோன்றாது மறைவதைக் காணப் பொறாத அவ்விளைஞர், கமரா ஒன்று வாங்கித்தருமாறு தந்தையை வேண்டினார். ஏறக்குறைய 100 டொலர் பெறுமதியான அக்கருவி ஒரு கமக்காரனுக்குச் சிறிய செலவன்று. தயங்கிய தந்தை ஈற்றிலே இணங்கினார்.

1885ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி, தமது இருபதாவது பிறந்த நாளுக்குச் சில வாரங்கள் முன்பாக, பென்ற்லி பனிப்பளிங்கொன்றின் படத்தை வெற்றியுடன் எடுத்தார். வெப்பமூட்டாத கொட்டிலொன்றே அவரது ஆய்வுகூடம். கரிய பலகையிலே விழும் பளிங்குகளுள் நல்லதொன்றைத் தெரிந்து, மெல்லிய மரக்குச்சியால் எடுத்துக் கண்ணாடியில் வைத்து, பறவையிறகால் தட்டையாக்கி, மூச்சுப்பட்டால் உருகிவிடுமென்று மூச்சையும் அடக்கியபடி படம் பிடிப்பார். அயலவர் பலர் அவரைப் பித்தர் என எண்ணினர். அவரோ பகலிலே பண்ணை வேலையும் பனிக்காலத்திலே பளிங்கு வேட்டையுமாக, 46 ஆண்டுகளிலே 5,000க்கு மேற்பட்ட படங்களைச் சேர்த்தார். கல்விநிலையங்கள் வேண்டியபோது ஒரு படத்தை ஐந்து சதத்துக்குக் கொடுத்தார்.

பென்ற்லி பனிப்பளிங்கோடு நின்றாரல்லர். கோடைகாலத்திலே பனிநீர் படிந்த சிலந்தி வலைகளைப் படமாக்கினார். மழைத்துளியின் அளவையும் கண்டறிய முற்பட்டார். அதற்கு அவர் கையாண்ட கருவி சமையலறையிற் கிடைத்தது. ஓர் அங்குல ஆழத்துக்கு மென்மையான மாவை ஒரு தட்டிலே பரப்பி, மழையில் ஒரு சில கணம் நீட்டினார். விழுந்த துளி ஒவ்வொன்றும் மாவிலே ஓர் உருண்டையாய்த் திரண்டது. அளவு தெரிந்த துளிகளை முன்னரே மாவில் விழச்செய்து ஒப்பிட்டு வைத்திருந்தமையால், உருண்டையின் அளவு கொண்டு துளியின் அளவை அறிந்தார். மிகப் பெரிய மழைத்துளியும் கால் அங்குல விட்டத்தை அளவாகவே உடையது எனக் கண்டு, 1904ஆம் ஆண்டு வானிலை ஆய்வேடொன்றிலே வெளியிட்டார். பனிமழை பெய்யாத நாட்டினரும் ஒரு பிடி மாவைக்கொண்டு செய்துபார்க்கக்கூடிய ஆராய்ச்சி இது.

எனினும் வேர்திங்ரனை வருத்திய வினா பென்ற்லியையும் விடவில்லை. யேர்மனியிலே பேர்லின் நகரத்து வானிலை அறிஞர் குஸ்தாவ் ஹெல்மான் என்பார், நொய்ஹவுஸ் என்னும் நிழற்பட வல்லுநரைக்கொண்டு பனிப்பளிங்குகளைப் படம்பிடிப்பித்து 1893ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். அப்படங்களிலே ஒரு கை முறிந்தவையும் ஒரு பக்கம் குறைந்தவையுமான பளிங்குகளே மலிந்திருந்தன. பழைய ஓவியர்கள் காட்டிய நிறைவான அறுகோணம் இயற்கையில் அரிது என்பதை அவை காட்டின. பின்னர் பென்ற்லியின் படங்கள் வெளிவந்தபோது, அவை யாவும் ஆறு பக்கமும் ஒத்து மாசற்று விளங்குவதைக் கண்டு யேர்மன் நாட்டினர் ஐயுற்றனர். தகட்டிலே கைவேலை செய்யப்பட்டதென்று நொய்ஹவுஸ் குற்றஞ் சாட்டினார்.

குற்றச்சாட்டில் ஒரு பகுதி உண்மையே. பளிங்கு கரிய பின்னணியிலே ஒளிர்ந்து தோன்றும்பொருட்டு, பென்ற்லி தமது தகட்டுப் பிரதியிலே பளிங்கைச் சுற்றியுள்ள பகுதியைக் கூரிய கத்தியாற் சுரண்டி நீக்குவது வழக்கம். இதனை அவர் மறைத்தாரல்லர். உருவத்தைத் தெளிவாக்கி உண்மைக்கு அணுகச் செய்யுமாயின் அக்கைவேலை தகும் என்பதே அவர் கொள்கை. ஆனால் அதனினும் ஆழமான வேறொரு காரணம் உண்டு. கரிய பலகையிலே விழுந்த நூற்றுக்கணக்கான பளிங்குகளுள்ளே அவர் நிறைவானவற்றையே குச்சியால் எடுத்தார். முறிந்தவற்றை இறகாற் கூட்டித் தள்ளினார். ஒவ்வொரு படமும் மெய். ஆனால் படங்களின் தொகுதி வானத்திலிருந்து விழும் பனியின் முழு உண்மையைச் சொல்லவில்லை. தெரிவு என்பதும் ஒருவகைக் கைவேலையே என்பதை இவ்வழக்கு உணர்த்துகின்றது.

இதனாற் பென்ற்லியின் பெருமை குன்றிவிடாது. 1931ஆம் ஆண்டு நவம்பரிலே, 2,400க்கு மேற்பட்ட படங்கள் கொண்ட அவரது பனிப்பளிங்கு நூல், வானிலை அறிஞர் ஹம்ப்றீஸ் எழுதிய விளக்கத்தோடு வெளிவந்தது. அடுத்த மாதமே, பனிப்புயலினூடே நடந்து வீடு திரும்பிய பென்ற்லி சளிச்சுரங் கண்டு, டிசம்பர் 23ஆம் திகதி உயிர்நீத்தார். பனியின் அழகைச் சாதாரண மக்கள் கண்ணுக்குக் கொண்டுவந்தவர் அவரே. அவர் சேர்த்த படங்களை இன்றும் ஆராய்வோர், அவை எவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டன என்பதை மனங்கொண்டே ஆராய்கின்றனர்.

பென்ற்லி பிறந்த அதே 1865ஆம் ஆண்டிலே யேர்மனியிற் பிறந்தவர் கார்ல் புளொஸ்பெல்ற். இளமையில் இரும்பு வார்ப்புத் தொழில் பயின்று, சிற்பமுங் கற்று, பேர்லின் கலைக் கல்லூரியிலே 30 ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியராய் விளங்கியவர். மாணவர்களுக்கு வடிவங்களைக் கற்பிக்கும்பொருட்டு, மரத்தினாற் செய்த எளிய கமராவைக்கொண்டு பூக்களையும் மொட்டுக்களையும் தளிர்களையும் பன்மடங்கு பெருக்கிப் படமாக்கினார். சுருண்ட பன்னத்தின் இளந்தளிர் அவரது படத்திலே குருமாரின் செங்கோல்போலத் தோன்றும். ஒரு தண்டின் குறுக்கணு கோபுரத்தின் தூண்போல நிற்கும். 1928ஆம் ஆண்டு 'கலையின் மூலவடிவங்கள்' என்னும் பொருள்படும் பெயரோடு அப்படங்கள் நூலாக வந்தபோது, அவ்வாசிரியர் தமது அறுபத்து மூன்றாம் வயதிலே புகழ்பெற்றார். அவரும் வேண்டாத இலைகளைக் கத்தரித்தார், தண்டுகளை நிமிர்த்தி வைத்தார், தகட்டையும் திருத்தினார். ஆனால் காட்டிலே செடி இவ்வாறு நிற்கின்றதென அவர் கூறவில்லை. கலைஞன் கற்கத்தக்க வடிவம் செடியினுள்ளே இருக்கின்றதென்றே கூறினார். நோக்கம் வேறாயின், நேர்மையின் அளவுகோலும் வேறாகும்.

படம் மெய்யாயிருந்தும் உலகம் நம்ப மறுத்த கதையும் உண்டு. இலண்டனிலே கல்விச்சபை அலுவலகத்தில் எழுதுவினைஞராய் இருந்த பேர்சி சிமித் என்பார், ஓய்வு நேரத்திலே பூச்சிகளைப் படம்பிடிப்பவர். 1865ஆம் ஆண்டு தொடங்கிய குவெக்கெற் நுணுக்குக்காட்டிக் கழகத்திலே அவர் உறுப்பினர். தொழில்முறை விஞ்ஞானிகளும் பொழுதுபோக்காளரும் ஒரே மேசையில் அமர்ந்த கழகம் அது. சிமித் எடுத்த ஈயின் நாப்படமொன்றைக் கண்ட திரைப்படத் தயாரிப்பாளர் சாள்ஸ் ஏபன், அவரைச் சலனப்படம் எடுக்கத் தூண்டினார். 1908ஆம் ஆண்டு வெளிவந்த அவரது படத்திலே, மல்லாந்து கிடத்தப்பட்ட நீலநிற ஈயொன்று தன் கால்களாலே தக்கையையும் தீக்குச்சியையும் பந்தாடுவதுபோற் சுழற்றியது. மக்கள் வியந்தனர், பலர் இது சூழ்ச்சியென்றும் இயந்திர ஈயென்றும் ஐயுற்றனர். உண்மையிலே ஈ தரையில் நடக்கும் அதே கால் அசைவைத்தான் அங்கே செய்தது. தரைக்குப் பதிலாகத் தக்கை நகர்ந்தது. தன் உடலினும் பெரிய பாரத்தை ஒரு சிற்றுயிர் எளிதிலே தாங்கும் என்பதை மனிதர் மனம் ஏற்கத் தயாராக இருக்கவில்லை. மனம் ஏற்காததைக் கண் கண்டும் காணாததாகின்றது. சிமித் மனந்தளராது, 1910ஆம் ஆண்டு மலர்கள் விரியும் காட்சியை விரைவுபடுத்திக் காட்டும் படத்தையும் ஆக்கினார்.

வேர்திங்ரன் 1916ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து துளியின் கதையைத் தொடர்ந்தவர் அமெரிக்க மின்பொறியியலாளரான ஹரல்ட் எட்ஜேற்றன். மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிலையத்திலே, சுழலும் மின்னியந்திரங்களை ஆராய்வதற்காக 1930களின் தொடக்கத்திலே அவர் அமைத்த விரைவொளி விளக்கு, பிற்காலத்திலே படப்பிடிப்பாளர் அனைவர் கையிலும் தவழும் மின்னொளி வீச்சுக் கருவிக்கு வழிகாட்டியாயிற்று. அவர் எடுத்த பால்மகுடப் படம் 1937ஆம் ஆண்டிலே நியூயோர்க் நவீனக் கலை அரும்பொருட்சாலையிற் காட்சிக்கு வைக்கப்பட்டது. 1957ஆம் ஆண்டிலே செந்நிறப் பின்னணியிலே அவர் எடுத்த வர்ணப்படம் உலகப் புகழ்பெற்றது. முற்றிலும் ஒழுங்கான மகுடம் ஒன்றைப் பிடித்துவிடவேண்டுமென்று அவர் பல்லாண்டு முயன்றார். அந்தப் புகழ்பெற்ற படத்தையே உற்றுநோக்கினால், மணிகள் எல்லாம் ஒரே அளவினவல்ல என்பது புலனாகும். கருவி எவ்வளவு வளர்ந்தும் துளி தன் இயல்பை மாற்றவில்லை. மனிதனும் நிறைவான துளியைத் தேடும் ஆசையை மாற்றவில்லை.

இன்று தகடும் இல்லை. இருட்டறையும் பெரும்பாலும் மறைந்தது. கையடக்கத் தொலைபேசியே பூச்சியின் கண்ணைப் படமாக்க வல்லது. ஆனால் அண்மைப் படப்பிடிப்பின் பழைய இடர் மாறவில்லை. பொருளை அதன் மெய்யளவிலே படமாக்கும்போது, தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றராகச் சுருங்கிவிடுகின்றது. தும்பியின் கண் தெளிந்தால் சிறகு மங்கும். சிறகு தெளிந்தால் கண் மங்கும். ஆகவே பற்பல படங்களைச் சிறிது சிறிதாக முன்னகர்த்தி எடுத்து, ஒவ்வொன்றின் தெளிவான பகுதியையும் கணினியாற் கோத்து ஒரே படமாக்குகின்றனர். எந்தக் கண்ணும் ஒரே கணத்திற் கண்டிராத காட்சி அது. பல ஒளியிலும் பார்த்து ஒன்றை வரைந்த ஹூக்கின் வழியே கணினி உருவில் மீண்டும் வந்துவிட்டது எனலாம்.

இதனைக் குற்றமென்று கொள்ளவேண்டியதில்லை. ஆனால் வேறு சில வழக்கங்களும் உள. இதழிலே பனித்துளி இல்லாதபோது, எளிதில் உலராத கிளிசரின் கலந்த நீரைத் தெளித்துத் துளி செய்வார் உளர். ஓடும் பூச்சியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து உணர்வு மரக்கச்செய்து, பூவிலே நிறுத்திப் படமெடுப்பாரும் உளர். தெளித்த துளியால் எவருக்கும் தீங்கில்லை. குளிரிலே விறைத்த பூச்சிக்கோ துன்பமும் சிலவேளை சாவும் நேர்கின்றன. அன்றியும் அவ்வாறு எடுத்த படத்தைக் காட்டிற் கண்ட காட்சியென்று கூறினால், பூச்சி ஒருபோதும் தங்காத பூவிலே அது தங்கியதாகவும், இல்லாத நிலையிலே நின்றதாகவும் பிறர் கற்க நேரும். இன்று பூச்சியினங்களின் பரம்பலை அறிய விழையும் ஆராய்ச்சியாளர், பொழுதுபோக்காளர் எடுத்த படங்களையும் சான்றாகக் கொள்கின்றனர். ஆகவே தோட்டத்து மூலையிற் குனிந்து நிற்பவனும் ஒரு சாட்சியாகவே நிற்கின்றான். சாட்சி பொய்த்தால் அறிவும் பொய்க்கும்.

இவ்வரலாறு உணர்த்தும் நெறி கடுமையானதன்று. கைவேலையே கூடாதென்று அது விதிக்கவில்லை. அழகைத் தேடாதே எனவும் தடுக்கவில்லை. செய்ததைச் செய்தேனென்று சொல்லுதலும், தள்ளியதைத் தள்ளினேனென்று ஒப்புக்கொள்ளுதலுமே அது வேண்டுவது. வேர்திங்ரனின் ஓவியங்களை இன்று துளியின் இயல்புக்குச் சான்றாக எவரும் கொள்வதில்லை. ஆனால் தம் 20 ஆண்டு உழைப்பின் குறையைத் தம் வாயாலேயே கூறிய அம்மனிதரின் நேர்மை, அவ்வோவியங்களினும் நீண்டு வாழ்கின்றது.

புல்நுனித் துளியும் அதனுள்ளே தோன்றும் பனையும் இங்கு மறுபடி நினைவுக்கு வருகின்றன. அக்காட்சியைக் கமராவிலே பிடிப்பவன், புலவர் பாட்டிலே சொல்லாத ஒன்றையும் காண்பான். துளி ஒரு வில்லையாகத் தொழிற்படுவதால், அதனூடே தெரியும் பனை தலைகீழாகவே நிற்கும். துளி பனையைக் காட்டும் என்ற புலவர் சொல்லும் மெய். தலைகீழாய்க் காட்டும் என்ற கமராவின் சாட்சியும் மெய். நாளைக் காலையிலே வெயில் ஏறுமுன் முற்றத்துப் புல்லைக் குனிந்து பார்ப்பவர் எவரும் இரண்டையும் தம் கண்ணாலேயே கண்டுகொள்ளலாம்.